ரேடியேற்றரைக் கழற்றுமுன்: கியர்பெட்டியின் இரண்டு ஒயில் குழாய்கள்

தோட்டத்து மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டுபோகவும், பசளை மூடைகளை ஏற்றிவரவும், இரவில் நோயாளி ஒருவரை ஆஸ்பத்திரிக்குச் சேர்க்கவும் பழைய வான் ஒன்று பல குடும்பங்களுக்குப் பொதுவாக ஓடுவதை நம் கிராமங்களில் காண்கிறோம். காணியையும் கிணற்றையும் விட்டு இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துக்குச் சிலவேளைகளில் கையில் எஞ்சிய ஒரே முதலும் அந்த வாகனமாகவே இருக்கும். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தபோதும், வரியோடு சேர்ந்த விலை ஏழைக் கமக்காரனுக்கு எட்டாத உயரத்தில் நின்றது. ஆகவே இருக்கும் வாகனத்தைக் கெடாமற் பேணுவதே நமக்குரிய வழி.

பழைய வாகனத்தில் அடிக்கடி பழுதாகும் உறுப்புகளுள் ஒன்று ரேடியேற்றர். அதில் ஒழுக்கு ஏற்பட்டால், கைவேலை தெரிந்த இளைஞர் ஒருவர் அதைக் கழற்றி, பற்றாசு வைப்பதற்குப் பட்டணத்துக்குக் கொடுத்தனுப்புவார். கையால் கியர் மாற்றும் வாகனத்தில் இது பெரிய வேலையல்ல. மேலே ஒரு தண்ணீர்க் குழாய், கீழே ஒரு தண்ணீர்க் குழாய், சில ஆணிகள், அவ்வளவே. ஆனால் ஓட்டோ கியர் வாகனத்தின் ரேடியேற்றரில் மெல்லிய குழாய்கள் இரண்டு கூடுதலாக வந்து பொருந்தியிருக்கும். அவை எஞ்சினுக்கு உரியவை அல்ல, கியர்பெட்டிக்கு உரியவை. அவற்றைத் தண்ணீர்க் குழாய் என்று எண்ணி இழுத்துக் கழற்றியதால், ஆயிரங்களில் முடிய வேண்டிய ரேடியேற்றர் வேலை இலட்சங்களை விழுங்கும் கியர்பெட்டி வேலையாக மாறிய கதைகள் உண்டு. அந்த நட்டத்தைத் தடுப்பதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. பொறுமை, துப்புரவு, இரண்டு ஸ்பனர், ஓர் அளவுப் போத்தல் ஆகியவை போதும்.

ரேடியேற்றருக்குள் கியர் ஒயிலுக்கு என்ன வேலை?

கைக் கியர் வாகனத்தில் எஞ்சினின் சுழற்சியைக் கிளச் தட்டு கியர்பெட்டிக்குக் கொடுக்கிறது. ஓட்டோ கியர் வாகனத்தில் அந்த வேலையை ஒயில் செய்கிறது. எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில் ஒயில் நிரம்பிய வட்டமான பெட்டி ஒன்று உண்டு. அதன் பெயர் டோர்க் கொன்வேர்ட்டர். இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றுப் பட்டு மற்றதும் மெல்லச் சுழலத் தொடங்குமல்லவா? அந்தக் காற்றின் இடத்தில் ஒயிலை வைத்துப் பாருங்கள், கொன்வேர்ட்டரின் வேலை விளங்கும்.

இந்த முறையில் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சுழலுவதில்லை, சற்று வழுக்கல் இருக்கும். வழுக்கல் இருக்கும் இடத்தில் சூடு பிறக்கும். பாரம் ஏற்றிய வான் மணற் பாதையில் ஊரும்போது அந்தச் சூடு பல மடங்காகும். அமெரிக்காவில் 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் காரில் முழுத் தானியங்கிக் கியர்பெட்டி பெருந்தொகை உற்பத்திக்கு வந்தது. அக்காலந்தொட்டு இன்றுவரை இத்தகைய கியர்பெட்டிகளின் முதல் எதிரி சூடுதான். ஒயிலின் வெப்பம் ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்பது தொழில்நுட்பவியலாளர் கையாளும் பொதுக் கணக்கு.

ஆகவே கியர்பெட்டி தன் ஒயிலை ஒரு குழாயால் ரேடியேற்றருக்கு அனுப்பி, ஆறவைத்து, மற்றக் குழாயால் திரும்பப் பெறுகிறது. ரேடியேற்றரின் தொட்டிக்குள் சிறிய உலோகக் குழாய் ஒன்று அல்லது தட்டுகளால் ஆன கூடு ஒன்று கிடக்கும். அதன் உள்ளே ஒயில் ஓட, வெளியே தண்ணீர் ஓடும். "ரேடியேற்றர்த் தண்ணீரே கொதிக்கிறது, அது எப்படி ஒயிலை ஆற்றும்?" என்று கேட்கலாம். தண்ணீரின் சூடு வழக்கமாக 90 பாகை செல்சியசை ஒட்டியிருக்கும். கடும் பாரத்தில் கொன்வேர்ட்டரை விட்டு வெளிவரும் ஒயிலோ 120 பாகையையும் தாண்டக்கூடும். இந்த வேறுபாடே ஒயிலை ஆற்றப் போதுமானது.

இங்கே ஓர் உண்மையை மனதில் வைக்க வேண்டும். தண்ணீருக்கும் கியர் ஒயிலுக்கும் நடுவே இருப்பது மெல்லிய உலோகச் சுவர் ஒன்று மட்டுமே. குழாயைக் கழற்றும்போது நாம் கொடுக்கும் முரட்டு முறுக்கு அந்தச் சுவரைப் பிடித்திருக்கும் பற்றாசில் போய் விழும்.

முதலில் இனங்காணுங்கள்

கியர்த் தடியின் அருகே பீ, ஆர், என், டீ என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது ஓட்டோ கியர் வாகனம். பின்னர் ரேடியேற்றரைப் பாருங்கள். தண்ணீர் மேலிருந்து கீழ் ஓடும் வகையில், அடித்தொட்டியில் விரற்பருமனான குழாய்கள் இரண்டு பொருந்தியிருக்கும். தண்ணீர் பக்கவாட்டில் ஓடும் வகையில், பக்கத்துத் தொட்டி ஒன்றில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இருக்கும். ஜப்பானிய வாகனங்கள் பலவற்றில் இறப்பர்க் குழாயும் கிளிப்பும் இருக்கும். அமெரிக்க வாகனங்களில் பெரும்பாலும் உருக்குக் குழாய்கள் நேரே வந்து பொருந்தும்.

சில வாகனங்களில் ஒயிலை ஆற்றுவதற்குத் தனியான சிறு ரேடியேற்றர் முன்னால் இருக்கும். வேறு சில புதிய வகைகளில் தண்ணீரே கியர்பெட்டியடிக்குச் சென்று அங்கு ஒயிலை ஆற்றும். அவற்றின் ரேடியேற்றரில் ஒயில் குழாய் இராது. எனவே குழாய்களைக் கியர்பெட்டி வரை கண்ணால் தொடர்ந்து சென்று உறுதிப்படுத்திய பின்னரே கருவியைத் தொடுங்கள்.

வேலை தொடங்குமுன்

1. வாகனத்தைச் சமதரையில் நிறுத்திக் கை பிறேக்கை இழுத்து, சில்லுகளுக்குக் கல் வையுங்கள். வாகனத்துக்குக் கீழே செல்ல வேண்டியிருந்தால் உறுதியான தாங்கிகள் வேண்டும். ஜக்கை மட்டும் நம்பி ஒருவரும் கீழே படுக்கக்கூடாது.

2. எஞ்சின் முழுதாக ஆறட்டும். ஓடி வந்த வாகனமாயின் இரண்டு மூன்று மணித்தியாலம் பொறுங்கள். சூட்டில் ரேடியேற்றர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். கியர் ஒயில் தண்ணீரிலும் கொடியது. தோலில் ஒட்டிக்கொண்டு சுடும்.

3. பற்றரியின் மறை முனையைக் கழற்றிவிடுங்கள். மின்விசிறி உள்ள வாகனங்களில், சாவி எடுத்த பின்னரும் விசிறி தானே ஓடத் தொடங்கக்கூடும்.

4. ரேடியேற்றர்த் தண்ணீரை அகன்ற பேசின் ஒன்றில் இறக்குங்கள். நிலத்தில் ஓடவிட வேண்டாம். காரணத்தைப் பின்னர் சொல்வோம்.

5. ஒயில் குழாய்கள் பொருந்தும் இடத்தைத் தூரிகையாலும் மண்ணெண்ணெய் தொட்ட துணியாலும் நன்றாகத் துடையுங்கள். துரு ஏறியிருந்தால் துரு இளக்கும் ஒயிலை முதல்நாள் மாலையே விட்டு வையுங்கள்.

6. இரண்டில் ஒரு குழாயில் நிற நூல் கட்டி, அது ரேடியேற்றரில் வந்து சேரும் இடத்திலும் அதே அடையாளத்தை இடுங்கள். இருந்தபடியே திரும்பப் பூட்ட இது உதவும்.

கழற்றும் முறை

பொருத்து மூன்று வகைப்படும். எந்த வகை என்று பார்த்து, அதற்குரிய முறையைக் கையாள வேண்டும்.

*இறப்பர்க் குழாயும் கிளிப்பும்:* குறட்டால் கிளிப்பின் இரு காதுகளையும் அமர்த்தி, குழாயின் வழியே பின்னுக்கு நகர்த்துங்கள். பின்னர் குழாயைக் கையால் பிடித்து இடமும் வலமுமாக மெல்லத் திருகினால் ஒட்டு விடும். ஒட்டு விட்ட பின்னரே இழுக்க வேண்டும். நெடுநாள் சூட்டில் இறுகிப்போன குழாய் அசைய மறுத்தால் அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம். கூரிய கத்தியால் குழாயின் நுனியை நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள். புதுக் குழாய்த் துண்டின் விலை சிறிது. முறிந்த ரேடியேற்றர் மூக்கின் விலை பெரிது. புதுக் குழாய் கியர் ஒயிலுக்கென்று செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாயைப் பூட்டினால் ஒயிலில் ஊறி வீங்கி, நடுவழியில் வெடித்துவிடும்.

*உருக்குக் குழாயும் நட்டும்:* இங்கேதான் இரண்டு ஸ்பனர் வேண்டும். ரேடியேற்றரோடு சேர்ந்திருக்கும் அறுகோணப் பொருத்தை ஒரு ஸ்பனரால் அசையாது பிடித்துக்கொள்ளுங்கள். மற்ற ஸ்பனரால் குழாயின் நட்டை மணிக்கூட்டு முள்ளுக்கு எதிராகத் திருப்புங்கள். ஒரே ஸ்பனரால் திருப்பினால் உள்ளே இருக்கும் பொருத்தும் சேர்ந்து சுழன்று, நாம் மேலே சொன்ன மெல்லிய சுவர் கிழியும். வளைய ஸ்பனரில் குழாய் நுழையுமளவு வெட்டு விட்ட ஒருவகை உண்டு. பிறேக் குழாய் வேலைக்கும் அதைத்தான் பாவிப்பார்கள். அது நட்டின் மூலைகளை மழுக்காது. நட்டோடு குழாயும் சேர்ந்து சுழல்வதைக் கண்டால் உடனே நிறுத்துங்கள். துரு இளக்கும் ஒயிலை மீண்டும் விட்டு, சற்று இறுக்கிச் சற்றுத் தளர்த்தி, முன்னும் பின்னுமாக நகர்த்தினால் பிடி விடும்.

*கொழுவிப் பொருத்து:* சற்றுப் புதிய வாகனங்களில் நட்டுக்குப் பதிலாகச் சிறிய கம்பி வளையம் ஒன்று குழாயைப் பூட்டி வைத்திருக்கும். அதன் மேல் பிளாஸ்ரிக் மூடி இருந்தால் பின்னுக்குத் தள்ளுங்கள். வளையத்தின் நுனியைக் கூரிய கொழுவியால் மெல்ல நெம்பியெடுத்து, குழாயை நேரே இழுங்கள். வளையம் தெறித்துப் பறக்கும் பழக்கமுள்ளது. மறுகையை மேலே மறைவாகப் பிடித்தால் கண்ணும் தப்பும், வளையமும் தொலையாது. திரும்பப் பூட்டும்போது புது வளையமே போட வேண்டும். விரிந்த வளையம் மீண்டும் பிடிக்கும் என்று நம்ப முடியாது.

ஒயிலை அளவுங்கள், வாயை அடையுங்கள்

குழாய் விடுபட்டதும் சிவந்த ஒயில் வடியும். அதைத் துப்புரவான, அளவு குறித்த போத்தல் ஒன்றில் பிடியுங்கள். வடிந்தது கால் லீற்றரா, அரை லீற்றரா என்று எழுதி வையுங்கள். திரும்ப ஊற்ற வேண்டிய அளவை அறிய இதுவே நல்ல வழி. வடிந்த ஒயிலை மீண்டும் பாவிக்க வேண்டாம்.

அடுத்து, குழாய்களின் வாயையும் ரேடியேற்றரின் மூக்குகளையும் தாமதமின்றி அடைக்க வேண்டும். பொருத்தமான பிளாஸ்ரிக் மூடி, அல்லது ஆணி செருகிய சிறு இறப்பர்த் துண்டு போதும். பழந்துணியைத் திணிக்கக்கூடாது. அதன் நூல் உள்ளே போகும். நமது வெளிகளில் காற்று வீசும்போது மணலும் செம்மண் தூசும் எங்கும் புகும் என்பது உங்களுக்குத் தெரியும். ஓட்டோ கியர்பெட்டியின் உள்ளே ஒயிலின் ஓட்டத்தைத் திருப்பிவிடும் சின்னஞ்சிறு வால்வுகள் உண்டு. அவை தலைமயிரிலும் மெல்லிய இடைவெளியில் நகர்பவை. ஒரு மணற் பருக்கை அங்கே சிக்கினாலும் கியர் மாறாது நிற்கும்.

ரேடியேற்றர் பட்டணத்துக்குப் போய் வரச் சில நாட்கள் ஆகலாம். அதுவரை குழாய்களை வளைக்காமல் கயிற்றால் உயர்த்திக் கட்டி வையுங்கள். மடிந்த உருக்குக் குழாயில் ஒயில் தடைப்பட்டு, கியர்பெட்டி சூடேறும்.

பலூடா நிறம் கண்டால்

நல்ல கியர் ஒயில் பெரும்பாலும் சிவந்த நிறமும் தெளிவும் உடையது. கறுத்து, தீய்ந்த மணம் வீசினால் சூடு கண்ட ஒயில். பலூடாவைப் போல வெளிர்சிவப்பாகப் பால் கலந்த தோற்றம் தெரிந்தால், தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். ரேடியேற்றர்த் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதப்பதும் அதே நோயின் மறு அடையாளம். எஞ்சின் ஓடும்போது ஒயிலின் அமுக்கம் கூடி, ஒயில் தண்ணீருக்குள் போகலாம். எஞ்சினை நிறுத்தியதும் ஒயிலின் அமுக்கம் இல்லாது போகும். சூடான ரேடியேற்றரின் அமுக்கமோ சற்று நேரம் நீடித்து, தண்ணீரை ஒயிலுக்குள் தள்ளும்.

கியர்பெட்டியின் உள்ளே கிளச் தட்டுகளின் உராய்வுப் பட்டை ஒருவகைப் பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. தண்ணீரும் கூலன்றும் அந்தப் பசையை இளக்கிவிடும். அமெரிக்காவில் 2005 முதல் 2010 வரையான நிசான் பாத்ஃபைண்டர் போன்ற வாகனங்களில் ரேடியேற்றருக்குள் இந்தச் சுவர் விட்டுப்போய்ப் பல கியர்பெட்டிகள் பாழாகின. அந்நிறுவனம் ரேடியேற்றருக்கான உத்தரவாதக் காலத்தை நீடிக்க வேண்டியதாயிற்று. ஆகவே இந்த நிறம் கண்டால் வாகனத்தை ஓட்டாதீர்கள். "கராஜ் வரை ஓட்டிப் பார்ப்போம்" என்ற எண்ணமும் வேண்டாம். இழுத்துச் செல்ல நேர்ந்தால், எஞ்சின் விசை பெறும் சில்லுகள் நிலத்தில் படாதபடி தூக்கிச் செல்ல வேண்டும். ஒயில் முழுவதையும் மாற்றிக் கழுவவும், உள்ளே சேதம் உண்டா என்று பார்க்கவும் தேர்ந்த மெக்கானிக் ஒருவர் தேவை.

ரேடியேற்றர் கிடைக்காத நாட்களில், சிலர் இரண்டு குழாய்களையும் ஓர் இறப்பர்த் துண்டால் ஒன்றோடொன்று இணைத்துவிட்டு வாகனத்தை ஓட்டுவதுண்டு. ஒயில் ஒழுகாதுதான். ஆனால் ஆறவும் மாட்டாது. பாரம் ஏற்றும் வாகனத்துக்கு இது நஞ்சு.

திரும்பப் பூட்டும்போது

அடைப்புகளை எடுத்துவிட்டு, இறப்பர் வளையங்களும் செப்பு வாஷர்களும் இருந்தால் புதியனவாக மாற்றுங்கள். இறப்பர் வளையத்துக்குத் துளி கியர் ஒயில் பூசுங்கள். நட்டின் முதற் சுற்றுகளை விரலாலேயே திருப்ப வேண்டும். விரலுக்கு வராத நட்டு புரி மாறி ஏறுகிறது என்று அறியுங்கள். பின்னர் இரண்டு ஸ்பனராலும் அளவாக இறுக்குங்கள். விரித்த வாயுள்ள குழாய்ப் பொருத்துக்குத் தண்ணீர்க் குழாய் வேலையில் சுற்றும் வெள்ளை நாடா வேண்டாம். அதன் துணுக்கு உள்ளே போய் வால்வை அடைக்கும்.

ஒயில் வாங்கும்போது வகை முக்கியம். ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் 1967இல் டெக்ஸ்ரன் என்ற தரத்தைக் கொண்டுவந்தது. அதன்பின் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தத்தம் வகைகளைக் குறித்துள்ளனர். சீ.வீ.ரி. எனப்படும் பட்டிக் கியர்பெட்டிக்கு முற்றிலும் வேறு ஒயில் வேண்டும். கைநூலிலோ ஒயில் பார்க்கும் கம்பியிலோ எழுதியுள்ள வகையையே வாங்குங்கள். "எல்லாம் சிவப்புத்தானே" என்று கடைக்காரர் சொல்வதை ஏற்க வேண்டாம்.

வடிந்த அளவு புது ஒயிலை ஊற்றி, ரேடியேற்றரை நிரப்பி, எஞ்சினை ஓடவிடுங்கள். கால் பிறேக்கை அழுத்தியபடி எல்லாக் கியர்களிலும் சிறிது நேரம் வைத்து எடுங்கள். பின்பு கைநூல் சொல்லும் முறைப்படி ஒயில் மட்டத்தைப் பாருங்கள். பல வாகனங்களில் ஒயில் சூடேறி எஞ்சின் ஓடும் நிலையில் பார்க்க வேண்டும். சிலவற்றில் வேறு முறை உண்டு. கடைசியாகப் பொருத்துகளின் கீழே வெள்ளைக் கடதாசி விரித்துப் பாருங்கள். சிவப்புப் புள்ளி விழாவிட்டால் வேலை சரி.

நிலத்தையும் கிணற்றையும் மறவாதீர்கள்

கூலன்ற் கலந்த தண்ணீரில் பெரும்பாலும் எதிலீன் கிளைக்கோல் இருக்கும். அது இனிக்கும், ஆனால் கொடிய நஞ்சு. நாய், ஆடு, மாடு நக்கினால் சிறுநீரகம் கெட்டு இறக்கும். பிள்ளைகளுக்கும் அதே ஆபத்து. பேசினில் பிடித்ததை உடனே மூடியுள்ள கானில் ஊற்றி, பெயர் எழுதி, எட்டாத இடத்தில் வையுங்கள். சோடாப் போத்தலில் ஒருபோதும் வைக்கக்கூடாது.

கழிவு ஒயிலைக் கறையானுக்கென்று வேலிக் கதியால்களுக்குப் பூசும் வழக்கம் நம்மிடையே உண்டு. மழை அதைக் கழுவி நிலத்தடிக்குக் கொண்டுபோகும். யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே ஊற்றியது கிணற்றைச் சேர அதிக காலம் எடாது. சுன்னாகம் சுற்றாடற் கிணறுகளில் எண்ணெய் கலந்த விடயம் 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றதை நாம் அறிவோம். கழிவு ஒயிலைச் சேர்த்து, அதைப் பொறுப்பேற்கும் கராஜிடமோ நிரப்பு நிலையத்திடமோ ஒப்படைப்பதே முறை.

மூன்று கேள்விகள்

இந்த வேலையை எல்லோரும் தம் கையாலேயே செய்ய வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் வாகனத்தைக் கராஜில் விட்டு, வேலை முடிந்ததும் காசைக் கொடுத்துத் திரும்பும்போது, சொந்தக்காரர் மூன்று கேள்விகள் கேட்கலாம். குழாய்களைக் கழற்றியதும் வாயை எதனால் அடைத்தீர்கள்? எவ்வளவு ஒயில் வடிந்தது, எவ்வளவு ஊற்றினீர்கள்? ஊற்றிய ஒயில் எந்த வகை, அதன் கான் எங்கே? நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளால் கோபிக்க மாட்டார். பதில் சொல்லத் தடுமாறுபவரிடம் அடுத்த முறை வாகனத்தை விடுவதா என்று சொந்தக்காரர் யோசித்துக்கொள்ளலாம்.